ஹூ, விச், தட்: எதைப் போடுவது, எதை விடுவது?

எழுதிய பெண். எழுதிய பேனா. எழுதிய மேசை. எழுதிய நாள். எழுதிய கடிதம். ஐந்திலும் 'எழுதிய' என்ற ஒரே பெயரெச்சம்தான், பின்னால் எந்தப் பெயர் வந்தாலும் கூச்சமில்லாமல் ஒட்டிக்கொள்கிறது. பேனா'வால்' எழுதினாள், மேசை'யில்' எழுதினாள், கடிதத்'தை' எழுதினாள் என்று வாக்கியமாகச் சொல்லும்போது இருந்த உருபுகள் எல்லாம் எங்கே போயின? பெயரெச்சம் விழுங்கிவிட்டது. நன்னூலே இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறது: செய்தவன், கருவி, இடம், செயல், காலம், செய்யப்பட்ட பொருள் என ஆறு வகைப் பெயர்களில் எது வந்தாலும் பெயரெச்சம் முடியும் என்று.

இப்போது இதே ஐந்தையும் ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். 'தி கேர்ள் ஹூ ரோட் இட்', 'தி பென் ஷி ரோட் இட் வித்', 'தி டேபிள் ஷி ரோட் இட் அட்', 'தி டே ஷி ரோட் இட்', 'தி லெட்டர் ஷி ரோட்'. ஒன்றில் ஹூ வருகிறது, ஒன்றில் கடைசியில் வித் தொங்குகிறது, ஒன்றில் அட் தொங்குகிறது, ஒன்றில் இட் இருக்கிறது, கடைசியில் அந்த இட்டும் இல்லை. தமிழ் மாதிரி எல்லாவற்றையும் ஆங்கிலம் விழுங்குவதில்லை. ஹூ, விச், தட் போன்ற ரிலேட்டிவ் ப்ரொனவுன் என்றால் நமக்கு வரும் குழப்பத்தில் பாதிக்கு மேல் இங்கேயிருந்துதான் வருகிறது என்பது என் கணிப்பு.

பள்ளியில் சொல்லிக்கொடுத்தது என்ன? ஆளுக்கு ஹூ, பொருளுக்கு விச், இரண்டுக்கும் தட். தப்பில்லை. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுத உட்கார்ந்தால் மூன்றாவது வரியிலேயே கை நின்றுவிடும், ஏனென்றால் நம் முன்னால் இருப்பது மூன்று வழி இல்லை: ஹூ, ஹூம், விச், தட், அப்புறம் எதையுமே போடாமல் விடுவது என்று ஐந்து. அந்த ஐந்தாவதைப் பற்றி யாரும் சரியாகச் சொல்லித் தருவதில்லை, அதனால் அதிலிருந்தே தொடங்கலாம்.

'தி மூவி விச் ஐ சா', 'தி மூவி தட் ஐ சா', 'தி மூவி ஐ சா'. மூன்றுமே சரி. நான் பார்த்த படம், அவ்வளவுதான் பொருள். பேச்சில் மூன்றாவதுதான் சகஜமாக வரும். முதலாவதைப் பேச்சில் போட்டால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். எதையும் போடாமல் விடுவது சோம்பேறித்தனமான ஆங்கிலம் என்று நினைக்க வேண்டாம். 1933இல் அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது ரூஸ்வெல்ட் சொன்ன, உலகமே திரும்பத் திரும்பச் சொல்லும் 'தி ஒன்லி திங் வி ஹேவ் டு ஃபியர் இஸ் ஃபியர் இட்செல்ஃப்' வாக்கியத்தில் திங் என்ற சொல்லுக்குப் பின்னால் தட்டும் இல்லை, விச்சும் இல்லை.

ஆனால் எல்லா இடத்திலும் இப்படி விட முடியாது. 'தி மேன் கேம் யெஸ்டர்டே இஸ் மை அங்கிள்' என்று எழுதினால் படிப்பவர் 'அந்த ஆள் நேற்று வந்தார்' என்று ஒரு முழு வாக்கியத்தை மனதுக்குள் முடித்துவிட்டு, அடுத்து வரும் இஸ்ஸில் தடுக்கி விழுவார். இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ரொம்ப எளியது: ரிலேட்டிவ் ப்ரொனவுனுக்கு அடுத்த சொல்லைப் பாருங்கள். அது வினைச்சொல்லாக இருந்தால் விடாதீர்கள். ஐ, ஷி, தே, மை பிரதர் என்று ஒரு ஆளோ பொருளோ வந்தால் தாராளமாக விடலாம், நடுவில் கமா இல்லாதவரை. 'தி மேன் ஹூ கேம்' என்பதில் ஹூவுக்கு அடுத்தது கேம், அதனால் ஹூ இருந்தே ஆக வேண்டும். 'தி மேன் ஹூம் ஐ மெட்' என்பதில் அடுத்தது ஐ, அதனால் ஹூமைத் தூக்கிவிட்டு 'தி மேன் ஐ மெட்' என்று போய்க்கொண்டே இருக்கலாம். எழுவாய், செயப்படுபொருள் என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

அடுத்தது விச்சா தட்டா. ஆங்கிலம் எழுதுகிறவர்களிடையே நெடுங்காலமாக ஓயாத சண்டை இது. எந்தப் படத்தைச் சொல்கிறோம் என்று சுட்டிக்காட்டும் தொடருக்கு, அதாவது கமா போடாத தொடருக்கு, தட் மட்டும்தான் வர வேண்டும், விச் கூடாது என்பது ஒரு கட்சி. அமெரிக்க நடை வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்தப் பக்கம். கணினியில் இருக்கும் பிழைதிருத்திகள் விச்சுக்கு அடியில் கோடு போடுவதும் இதனால்தான். பிரிட்டிஷ் எழுத்தில் இரண்டும் சர்வ சாதாரணமாகக் கலந்து வரும். சுவாரசியம் என்னவென்றால், இந்தப் பிரிவினையைப் பிரபலப்படுத்தியவர் ஓர் ஆங்கிலேயர்தான். ஹென்றி ஃபௌலர் 1926இல் வெளியிட்ட வழக்கு அகராதியில், தட்டை இதற்கு, விச்சை அதற்கு என்று பிரித்துக்கொண்டால் தெளிவாக இருக்குமே என்று யோசனை சொன்னார். அதே இடத்தில், பெரும்பாலான எழுத்தாளர்களோ சிறந்த எழுத்தாளர்களோ இப்படி எழுதுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். ஒருவர் சொன்ன யோசனையைப் பின்னால் வந்தவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள்.

1941 டிசம்பர் 8 அன்று, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு மறுநாள், அதே ரூஸ்வெல்ட் பேசிய 'எ டேட் விச் வில் லிவ் இன் இன்ஃபமி' என்பதில் இருப்பது கமா இல்லாத விச். அமெரிக்காவின் மிகப் புகழ்பெற்ற வாக்கியங்களில் ஒன்றையே இன்றைய பிழைதிருத்தி கோடு போட்டுக் காட்டும். ஆகவே உங்கள் விச்சுக்கு அடியில் கோடு விழுந்தால் நீங்கள் தப்பு செய்துவிட்டதாகப் பதற வேண்டாம்.

அப்படியானால் எதை எடுப்பது? நான் தட் பக்கம். விச் தப்பு என்பதற்காக அல்ல. கமா இல்லாவிட்டால் தட், கமா இருந்தால் விச் என்று பழக்கிக்கொண்டால் எழுதும்போதே 'இந்த இடத்தில் கமா வருமா?' என்ற கேள்வியைக் கேட்டே தீர வேண்டியிருக்கும். அந்தக் கேள்விதான் முக்கியம். சொல் மாறினால் பெரிய நஷ்டம் இல்லை, கமா மாறினால் பொருளே மாறிவிடும்.

நானே இதில் மாட்டியிருக்கிறேன். வேலை செய்த ஓரிடத்தில் வெண்டர்கள் எல்லோருக்கும் ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன்: 'தி வெண்டர்ஸ், ஹூ ஹேவ் நாட் சென்ட் தேர் பில்ஸ், வில் பி பெய்ட் நெக்ஸ்ட் மன்த்.' பில் அனுப்பாத வெண்டர்களுக்கு மட்டும் அடுத்த மாதம்தான் பணம் என்று சொல்ல நினைத்தேன். நான் போட்ட இரண்டு கமாவும் சேர்ந்து சொன்னது வேறு: வெண்டர்கள் யாருமே பில் அனுப்பவில்லை, எல்லோருக்கும் அடுத்த மாதம்தான். ஒழுங்காக முதல் வாரமே பில் அனுப்பியிருந்தவர்கள் அன்று மதியம் வரிசையாகத் தொலைபேசியில் வந்தார்கள். கமாவை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன், மன்னிப்போடு.

இதில் தமிழ் நமக்கு உதவாமல் போவதற்கும் காரணம் உண்டு. 'டாக்டராக இருக்கும் என் அண்ணன் கூப்பிட்டான்' என்றால் எனக்கு ஒரே அண்ணனா, இரண்டு மூன்று பேரில் டாக்டராக இருப்பவனா? தமிழ் வாக்கியம் அதைச் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் 'மை பிரதர், ஹூ இஸ் எ டாக்டர், கால்ட் மீ' என்றால் ஒரே அண்ணன். அவன் டாக்டர் என்பது கூடுதல் தகவல். கமா இல்லாமல் 'மை பிரதர் ஹூ இஸ் எ டாக்டர்' என்றால் பல அண்ணன்களில் அந்த டாக்டர் அண்ணன். எது வேண்டும் என்று தெரிந்துகொள்ள வாக்கியத்தைத் தமிழில் இரண்டாக உடைத்துப் பார்ப்பேன். 'அண்ணன் கூப்பிட்டான். அவன் டாக்டர்.' இப்படி உடைத்தும் சொல்ல வந்தது கெடாமல் இருந்தால் கமா. உடைத்ததும் 'எந்த அண்ணன்?' என்று கேட்கத் தோன்றினால் கமா கிடையாது. ஆளின் பெயரே வந்துவிட்டால் அநேகமாக எப்போதும் கமாதான், பெயர் சொன்ன பிறகு எவர் என்ற கேள்வி எங்கே வரப்போகிறது? 'ஷேக்ஸ்பியர், ஹூ டைட் இன் 1616,' என்பது போல. கமாவுக்குப் பின்னால் தட் வராது, விடவும் முடியாது. அந்த இடத்தில் ஹூ, ஹூம், விச், ஹூஸ் இவற்றில் ஒன்றுதான்.

விச்சுக்கு மட்டும் வாய்த்த ஒரு வேலையும் இருக்கிறது. 'ஹி கேம் லேட், விச் அனாய்ட் எவ்ரிஒன்.' எல்லோரையும் எரிச்சல்படுத்தியது அவன் இல்லை, அவன் தாமதமாக வந்தது. முன்னால் சொன்ன முழு சங்கதியையும் ஒரு விச் சுட்டுகிறது. இங்கே தட் போட்டால் வாக்கியம் உடைந்துவிடும்.

சரி, ஆளுக்கு ஹூவா தட்டா? 'தி பீப்பிள் தட் ஐ ஒர்க் வித்' என்பது தப்பு என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். தப்பில்லை. ஷேக்ஸ்பியரின் 'தி மேன் தட் ஹேத் நோ மியூசிக் இன் ஹிம்செல்ஃப்' அப்படித்தான் தொடங்குகிறது. சரித்திரப்படி பார்த்தால் தட்தான் மூத்தது, ஹூ இந்த வேலைக்குப் பின்னால் வந்து சேர்ந்தது. 1711இல் ரிச்சர்ட் ஸ்டீல், ஹூவும் விச்சும் சேர்ந்து எழுதிய மனு என்று ஸ்பெக்டேட்டர் இதழில் ஒரு வேடிக்கைக் கட்டுரை வெளியிட்டார். நேற்று வந்த தட் எங்கள் இடத்தைப் பிடுங்கிக்கொண்டது என்று இரண்டும் அழுகின்றன. உண்மையில் நேற்று வந்தவர்கள் மனு கொடுத்தவர்கள்தான்! அதேபோல் 1611இல் வெளிவந்த பைபிள் மொழிபெயர்ப்பில் கடவுளைப் பார்த்தே 'அவர் ஃபாதர் விச் ஆர்ட் இன் ஹெவன்' என்று விச் வருகிறது. அன்றைக்கு அது மரியாதைக் குறைவு இல்லை. இன்றைக்கு ஆளுக்கு விச் போட்டால் தப்புதான், அதில் விவாதமே இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், வேலை விண்ணப்பமோ அலுவலகக் கடிதமோ எழுதினால் ஆளுக்கு ஹூவையே போடுங்கள் என்பேன். தட் சரிதான், ஆனால் படிப்பவர் அதைத் தப்பென்று நம்புகிறவராக இருந்தால் ஷேக்ஸ்பியரைச் சாட்சிக்குக் கூப்பிட உங்களுக்கு அங்கே வாய்ப்பு கிடைக்காது. ஹூ போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஹூம் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. அவனா, அவனையா என்று பார்ப்பதுதான் கணக்கு: 'ஹி' வரும் இடத்தில் ஹூ, 'ஹிம்' வரும் இடத்தில் ஹூம், இரண்டுமே 'ம்' என்று முடிவதால் நினைவில் நிற்கும். ஆனால் பேச்சில் ஆங்கிலேயர்களே இதைக் கைவிட்டுப் பல காலம் ஆகிறது. ஹூம் கட்டாயமாக வரும் ஒரே இடம், டு, இன், வித் போன்ற ப்ரிபொசிஷன் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்ட இடம்: 'தி பெர்சன் டு ஹூம் ஐ ஸ்போக்'. மற்ற இடத்தில் எல்லாம் ஹூம் வேண்டுமா என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுவதே நல்லது. கெட்டிக்காரத்தனம் காட்டப் போய் 'தி மேன் ஹூம் ஐ திங்க் ஸ்டோல் இட்' என்று எழுதுபவர்கள் நன்றாக ஆங்கிலம் தெரிந்தவர்கள்தான். நடுவில் இருக்கும் 'ஐ திங்க்' அவர்களை ஏமாற்றிவிடுகிறது. அதை எடுத்துவிட்டுப் பாருங்கள், திருடியது அவன்தானே, அவனை இல்லையே. ஹூதான் சரி. ஹூம் தேவைப்பட்ட இடத்தில் ஹூ போட்டால் அநேகம் பேர் கவனிக்கவே மாட்டார்கள். ஹூ தேவைப்பட்ட இடத்தில் ஹூம் போட்டால் கவனிப்பவர் சிரிப்பார்.

ப்ரிபொசிஷன் என்றதும் மறுபடி தொடக்கத்துக்கே வருகிறோம். நான் குடியிருந்த வீடு. இதை 'தி ஹவுஸ் விச் ஐ லிவ்ட்' என்று எழுதுவது நம்மிடையே சகஜம், காரணம் 'வீட்டில்' என்பதில் உள்ள 'இல்' தமிழிலேயே காணாமல் போய்விட்டது. ஆங்கிலத்தில் அந்த இன் எங்காவது இருந்தே ஆக வேண்டும். 'தி ஹவுஸ் ஐ லிவ்ட் இன்' என்று கடைசியில் விடலாம், 'தி ஹவுஸ் இன் விச் ஐ லிவ்ட்' என்று முன்னால் கொண்டுவரலாம், 'தி ஹவுஸ் வேர் ஐ லிவ்ட்' என்று வேர் போட்டு இன்னை விட்டுவிடலாம். மூன்றில் எது? பேச்சுக்கு முதலாவது, சட்ட ஆவணத்துக்கும் ஆய்வுக் கட்டுரைக்கும் இரண்டாவது, நடுவாந்தரமாக எல்லாவற்றுக்கும் மூன்றாவது. 'இன் தட் ஐ லிவ்ட்' மட்டும் கிடையாது, ப்ரிபொசிஷனுக்குப் பின்னால் ஹூமும் விச்சும்தான் வரும். வேர் போட்டுவிட்டு இன்னையும் சேர்த்து 'வேர் ஐ லிவ்ட் இன்' என்பது ஒரே ஆளுக்கு இரண்டு தடவை சம்பளம் கொடுப்பது போல.

வாக்கியம் ப்ரிபொசிஷனில் முடியக் கூடாது என்று யாராவது உங்களை மிரட்டியிருந்தால் அதன் பூர்வீகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1672இல் ஜான் டிரைடன், தனக்கு முந்தைய நாடகாசிரியர் பென் ஜான்சனின் வரி ஒன்று அப்படி முடிவதைக் குறையாகச் சொன்னார். அவர் சொன்னதைப் பள்ளிக்கூடங்கள் பிற்காலத்தில் பிடித்துக்கொண்டன. ஆங்கிலம் பேசுகிறவர்கள் அதற்கு முன்பும் அப்படித்தான் பேசினார்கள், இன்றைக்கும் அப்படித்தான்.

விழுங்குவதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு, அதுவும் நம் வீட்டுச் சரக்குதான். 'யார் கேட்டாரோ அவரிடம் கொடு', 'எதை வாங்கினேனோ அதைக் காணோம்' என்ற அமைப்பில் தமிழ் இரண்டு பக்கமும் ஆள் வைக்கும். அந்த ஞாபகத்தில் 'தி புக் விச் ஐ பாட் இட்', 'தி பெர்சன் ஹூ ஐ ஸ்போக் டு ஹிம்' என்று எழுதிவிடுகிறோம். விச் வந்த பிறகு இட் எதற்கு? விச்தான் அந்த இட். புத்தகத்துக்கு ஒரு இடம்தான் உண்டு, அதை முன்னாலேயே விச் பிடித்துவிட்டது. விச்சை விட்டுவிட்டாலும் அந்த இடம் காலியாகவே இருக்க வேண்டும்: 'தி புக் ஐ பாட்'. அங்கே இட்டைக் கொண்டுவந்து நிரப்பக் கூடாது.

'ஆல் வாட் ஐ நோ', 'எவ்ரிதிங் வாட் ஹி செட்' என்பதும் இதே குடும்பம். 'எனக்குத் தெரிந்தது எல்லாம்' என்பதில் உள்ள 'தெரிந்தது' என்பதற்கு வாட் ஒன்றே போதும்: 'வாட் ஐ நோ'. ஆல், எவ்ரிதிங், நத்திங், ஒன்லி, பெஸ்ட் என்று ஏற்கெனவே ஒன்று வந்துவிட்டால் அடுத்தது தட், அல்லது ஒன்றும் இல்லை. 'ஆல் தட் ஐ நோ', 'ஆல் ஐ நோ'. இங்கே விச் காதுக்கு ஒட்டாது.

இன்னொன்று, சின்னதுதான், ஆனால் நன்றாக எழுதுகிறவர்களிடமும் பார்க்கிறேன். வந்த நான், வந்த அவன், வந்த அவர்கள் என்று தமிழில் 'வந்த' மாறுவதே இல்லை. ஆங்கிலத்தில் ஹூவுக்குப் பின்னால் வரும் வினை, ஹூ சுட்டும் ஆளைப் பார்த்து மாறும். அதனால்தான் 'தி பாய் ஹூ சிட் தேர்' என்று எஸ் இல்லாமல் விட்டுவிடுகிறோம். 'ஹூ சிட்ஸ்' வர வேண்டும். 'ஒன் ஆஃப் தி கேர்ள்ஸ் ஹூ ஆர் டான்சிங்' என்பதில் ஆடுவது பல பெண்கள், அவர்களில் ஒருத்தி, ஆகவே ஆர்.

ஹூஸ் பற்றி ஒரே விஷயம். 'எ ஹவுஸ் ஹூஸ் ரூஃப் லீக்ஸ்' என்று வீட்டுக்கு ஹூஸ் போடலாமா என்று தயங்கி 'தி ரூஃப் ஆஃப் விச்' என்று சுற்றி வளைக்க வேண்டாம். உயிரில்லாததற்கும் ஹூஸ் செல்லும். எழுதும்போது அபாஸ்ட்ரஃபி போட்ட ஹூஸ் வேறு என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அது 'ஹூ இஸ்' என்பதன் சுருக்கம். காதுக்கு இரண்டும் ஒன்றாகவே கேட்பதால்தான் கை தவறுகிறது.

ஐந்து வழி என்று ஆரம்பத்தில் சொன்னேன். ஆறாவது ஒன்றையும் இப்போதெல்லாம் நான் அதிகமாக எடுக்கிறேன்: தொடரையே கட்டாமல் விடுவது. 'தி புக் விச் இஸ் ஆன் தி டேபிள்' என்று எழுதிவிட்டு விச்சா தட்டா என்று யோசிப்பதைவிட 'தி புக் ஆன் தி டேபிள்' என்றால் முடிந்தது. 'தி மேன் ஹூ இஸ் சிட்டிங் தேர்' என்பதில் 'ஹூ இஸ்' இரண்டையும் எடுத்துவிட்டால் 'தி மேன் சிட்டிங் தேர்'. எழுதி முடித்ததும் 'ஹூ இஸ்', 'விச் ஆர்', 'தட் வாஸ்' என்பவற்றைத் தேடிப் பார்த்து, எடுத்தாலும் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். பாதிக்கு மேல் நிற்கும். நிற்காத இடம் எதுவென்று உடனே தெரிந்துவிடும்: 'தி கேர்ள் ஹூ இஸ் எ டாக்டர்' என்பதில் எடுத்தால் 'தி கேர்ள் எ டாக்டர்' என்று பல் போன வாய் மாதிரி ஆகிவிடுகிறது, அங்கே ஹூ இருந்துவிட்டுப் போகட்டும்.